ஜெசிந்தாவின் தலை

எங்கள் கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், சிலைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

ஆண்டனி அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒட்டு வீடுகள். பூனாவில், போபோடியில், ரயில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே, இடம் கிடைத்த மட்டும் நெருக்கிக் கட்டிய தகரக் கூரை வரிசை அது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதுவும் கூரை வரை ஏறாது. அவர்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தர் அக்கா, "மழையில நனையாதீங்கன்னா கேக்கியளா ரவி தம்பி?" என்பாள். அப்படிப்பட்ட வீடுகளில் ரகசியம் தங்குமா? நான் சொல்லப் போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாகக் காதில் விழுந்தது.

அண்ணனுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கல்யாணமான புதிதில் போசரியில் ஒரு முலாம் பட்டறையில் இருந்தார். தொட்டியில் இருந்த காரத் திரவம் ஒருநாள் முகத்தில் தெறித்தது. பட்டறை எப்போதோ மூடிப் போனது, வாசலில் நின்று திட்டக்கூட இன்றைக்கு அங்கே ஆள் கிடையாது. அப்போது எஸ்தர் அக்கா வயிற்றில் பிள்ளை. ஆக, பெற்ற மகளை அண்ணன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பிறகு பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டு, கேம்ப் பஜாரில் ஒரு ஃபர்னிச்சர் கடை வாசலில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாற்காலி, சாமியாருடைய சாய்வு நாற்காலி, பார்சி வீட்டு ஆடும் நாற்காலி என்று எல்லாம் அவர் மடிக்கு வந்து போயின. காலையில் எஸ்தர் அக்கா ராணுவச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்துவிடுவாள். அதனால் மகளுக்குத் தலை பின்னுவது அண்ணன் வேலை. ஜெசிந்தாவுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. வகிடு அங்கே வந்ததும் முடி முரண்டு பிடிக்கும். பின்னந்தலையில், சின்னதில் படியிலிருந்து உருண்டு விழுந்ததில் ஒரு பள்ளம். பின்னி முடித்ததும் அவளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைப்பார்.

"கண்ண மூடிக்கோ."

அவள் மூடிக்கொள்வாள். பிரம்பு கிழித்துக் காய்த்துப் போன விரல்களால் நெற்றியில் ஆரம்பித்து மோவாய் வரை ஒருதரம் தடவிப் பார்ப்பார். தன் கண்ணுக்கு வந்தது தன் விரலால் பிள்ளை கண்ணுக்கும் வந்துவிடக் கூடாது என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டாலும் இது நடந்தாக வேண்டும். பார்த்து முடித்ததும், "ம், நேத்தைக்கு இருந்த பிள்ளதான், போ" என்பார்.

சிலைப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது ஜெசிந்தாதான். கேம்பில் அவர்கள் போகிற கோயிலில் மரத்தில் செய்த அந்தோணியார் சுரூபம் ஒன்று உண்டு. எட்டாத பிள்ளை எட்டி, "அப்பா, இவருக்கு உங்க பேருதான்" என்று அவர் கையைப் பிடித்து அதன் காலில் வைத்தாள். பாதத்தில் கட்டைவிரலைக் காணோம். ஜனங்கள் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருந்தார்கள். அண்ணன் அந்தக் காலை விடவே மாட்டேன் என்று நின்றாராம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பனும் மகளும் சிலை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பார்க்க என்றுதான் சொல்வார்கள். பங்களா வாசல் சிங்கம், பார்க்கில் தண்ணீர் ஊற்றுகிற சிமெண்டுப் பெண், கட்கி கல்லறைத் தோட்டத்தில் சிறகு உடைந்த சலவைக்கல் சம்மனசு, துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நாற்சந்திச் சௌக்கில் குதிரை மேல் இருக்கிறவர்கள் மட்டும் எட்டமாட்டார்கள். அங்கே பீடத்தை மட்டும் தடவிவிட்டு வருவார்கள்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். பாதாளேஷ்வர் குகைக் கோயிலில் நல்ல வெயில். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து நந்தியின் கழுத்தில் வைத்தாள். பூனாவில் பிறந்த பிள்ளை. அவள் தமிழ் பாதி ரிக்ஷா ஸ்டாண்டில் ஏறிக்கொண்டதுதான்.

"அப்பா, இது நந்தி. ஏக்தம் பெருசு. காலா பத்தர்."

"கருங்கல்லுன்னு சொல்லு பிள்ள."

"கருங்கல்லு. மூஞ்சி சிரிக்குது."

"சிரிக்குதா? இந்தா, கன்னம் உப்பிக்கிட்டுல்லா இருக்கு. அசை போடுது பிள்ள." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ரவி, கல்லுல செய்யுதவன் கழிச்சுக்கிட்டே போறான். மண்ணுல செய்யுதவன் கூட்டிக்கிட்டே வாரான். கை வச்சா தெரியும். இங்கன பாரு, காதுக்கிட்ட. இதுக்கு மேல ஒரு தட்டு தட்டுனா காது போயிரும்னு பயந்து நிறுத்திருக்கான்."

நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் கல்தான் தெரிந்தது.

"எதுண்ணே ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சது?"

"சலவைக்கல்லு. அது தோலு மாதிரி வே. மொதல்ல குளுரும், கையச் செத்த நேரம் வச்சிருந்தா சூட்ட வாங்கிக்கிடும். மரம் எப்பவும் ஒரே மாதிரி, நல்ல மனுசன் மாதிரி. வெண்கலம் தட்டுனா பேசும். இந்த பைபர்ல செய்யுதாம்லா, அதுதான் ஆவாது. சூடும் கெடையாது, குளுரும் கெடையாது. செத்த சாமான்."

ஒரு காட்சிசாலையில் காவலாளி கையால் தொடாதே என்று சத்தம் போட்டிருக்கிறார். இந்தப் பொடிசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்க அப்பா கையால்தான் பார்ப்பார், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பீர்களா என்று இந்தியில் ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அந்த மனிதர் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாராம். இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அண்ணன்.

எஸ்தர் அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவள் நாசரேத்துக்காரி, புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண். சுரூபம் வைத்துக் கும்பிடுகிற வீட்டுக்கு வாக்கப்பட்டதற்கே பிறந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"அப்பனும் மவளும் பொம்மையத் தடவிக்கிட்டு ஊர் சுத்துதாவ. எங்க ஐயா இருந்தா வேதப்புஸ்தகத்தத் தூக்கி மண்டையில போட்டிருப்பாவ" என்பாள். சொல்லிவிட்டு, போகிறவர்களுக்கு டப்பாவில் புளிச்சோறும் கட்டிக் கொடுப்பாள்.

இரண்டாயிரமாவது வருஷத்து மழையில் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. கல்லி முழுக்க எல்லா வீட்டிலும் யாருக்காவது காய்ச்சல்தான். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்த வாரத்துக்குள் முடிந்துபோனது. பதினோரு வயசு.

பெட்டியில் வெள்ளை கவுன் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கன்னத்தில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. சாமியார் வந்து ஜெபத்தை ஆரம்பிக்கவும் நான் அவர் தோளைத் தொட்டேன்.

"செத்த இருடே. கை சூட்ட வாங்க மாட்டேங்கா" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு அங்கே நின்ற எதிர்வீட்டுக் கோவிந்தராஜ் மாமா, வாழ்நாள் முழுக்க யாருக்கும் கண் கலங்காத மனுஷன், வெளியே போய்விட்டார். எஸ்தர் அக்கா அழவில்லை. பிள்ளையின் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் கேம்புக்குப் போகவில்லை. நாற்காலிகள் வீட்டுக்கே வந்து, பின்னப்படாமல் திரும்பிப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டன் தைக்கிற நூலை அறுக்கும் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும். ஜெசிந்தா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, சிவப்பு பல்பு போட்டுச் சுவரில் மாட்டினாள் அக்கா. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, "அப்படியே சிரிக்கிறாளே" என்பார்கள். அண்ணன் எழுந்து போய் அதைத் தடவிப் பார்ப்பார். அவருக்குக் கண்ணாடிதான் கிடைக்கும்.

வருஷம் திரும்புகிற நேரம், ஒரு மத்தியானம், அண்ணன் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"ஏட்டி எஸ்தரு."

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"சுழி எந்தப் பக்கம் சுத்தும்? ரெண்டும் ஒரே பக்கமா, ஒண்ணுக்கொண்ணு எதிராவா?"

கத்தரிச் சத்தம் நின்றது.

"எதிராத்தான் இருக்கும்..."

"நீ நெனச்சுச் சொல்லுத. பாத்துச் சொல்லல." சுவரில் அவர் கை உரசுகிற சத்தம் கேட்டது. "எனக்கு கை மறந்துக்கிட்டு வருது எஸ்தரு. மூக்கு போயிட்டு. நேத்து காது இருந்துச்சு, இன்னைக்கு தேடுதேன், ஆப்படல. ஒனக்கு போட்டோ இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லு? பிள்ள எனக்கு மட்டும் ரெண்டாந்தடவ செத்துக்கிட்டு இருக்கா."

அன்று சாயங்காலம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அக்கா வாசலில் நின்றாள்.

"தம்பி, அந்த தாபோடிப் பாலத்துக்கு அங்கிட்டு கணபதி செய்யுதவர் ஒருத்தர் இருக்காருல்லா? அவரு மனுசத் தலையும் செய்வாராமே?"

"செய்வாருக்கா. சௌக்குல வைக்கிற தலைவருங்க தலையெல்லாம் அவரு செஞ்சதுதான். யாருக்கு?"

"நம்ம பிள்ளைக்கு." அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எங்க ஐயா மேல இருந்து பாத்தா பாத்துட்டுப் போட்டும். கர்த்தரு என்ட்ட கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். எனக்கு எங்க வீட்டுக்காரவொ வேணும்."

சிலை செய்கிற பாண்டுரங் காகாவின் கொட்டகை ஆற்றங்கரையில் இருந்தது. தகரத்துக்குக் கீழே வரிசையாகத் தும்பிக்கை வைக்காத பிள்ளையார்கள், ஒரு மூலையில் மூக்குக்கண்ணாடிக்குக் காத்திருந்த ஏதோ ஒரு பேட்டைத் தலைவர். ஷாடு என்கிற களிமண்ணும் பிசின் நாற்றமும். காகா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மராத்தி கலந்த இந்தியில், இதில் முன்பக்கம்தானே இருக்கிறது, பின்பக்கத்துக்கு நான் எங்கே போவேன் என்றார். தலைவர்களுக்குப் பின்பக்கம் யாரும் கேட்பதில்லை, ஒரு குல்லாயோ பாகையோ வைத்துவிடலாம். குழந்தைக்கு என்ன செய்ய?

"பின்பக்கம் அவுக அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் அக்கா, தனக்குத் தெரிந்த இந்தியில்.

"அப்படியானால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தார். கம்பியும் கயிறும் சுற்றிய கட்டையின் மேல் காகா மண்ணை அப்பி, தலை மாதிரி ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தார். அண்ணன் ரொம்ப நேரம் அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். பிறகு பின்பக்கத்தில் கை வைத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். படியில் விழுந்த பள்ளம் வந்தது.

"இந்தா இருக்கா" என்றார். என் கையைத் தேடிப் பிடித்து அதன் மேல் வைத்தார். "ரவி, இந்தா, இங்கனதான் இருக்கா."

அதற்கப்புறம் அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலமானால் நான் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். காகா தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருப்பார், இவர் தலைக்குள் கை விட்டுக்கொண்டிருப்பார். சீப்பின் பல்லால் சுழி போட்டார். ஒன்று இடம், ஒன்று வலம். பிரம்புக் கீற்றால் வகிடு எடுத்தார். காதை அழித்து அழித்துச் செய்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. இருந்தும் என்னமோ பேசிக்கொண்டே இருப்பார்கள். மண் காயாமல் இருக்க வீட்டுக்குக் கிளம்பும்போது ஈரத்துணி சுற்றுவது மட்டும் நான் செய்யக் கூடாது, அண்ணனே சுற்றுவார். காய்ச்சல் பிள்ளைக்குத் துணி போடுகிற மாதிரி நெற்றியை அழுத்தி அழுத்திச் சுற்றுவார்.

வீட்டில் சுவரின் அந்தப் பக்கம் மாறிப்போனது.

"குழம்பு இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

"ஊத்துதேன், ஊத்துதேன். மெல்ல சாப்பிடுங்க. பிள்ள எப்பிடி வந்திருக்கா? நான் ஒருநாள் வந்து பாக்கட்டா?"

"முடிச்ச பொறவு வா. பாதியில பாத்தா கண்ணு பட்டுரும்."

"ஆமா, வேதக்கார வீட்ல கண்ணு படுதாம்" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

முடித்துவிட்டேன் என்று அண்ணன் சொன்ன அன்று மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரே ரிக்ஷாவில் போனோம். காகா துணியை அவிழ்த்தார்.

எப்படிச் சொல்வது? ஜெசிந்தா மாதிரி இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. பின்தலை பெரிதாக இருந்தது, முகம் சிறுத்திருந்தது. காதுகள் மட்டும் நிஜமான காதுகள். நெற்றியில் எலும்பு தெரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது கிட்டே போய்ப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி அவள் வந்தாள். கண் இரண்டும் மூடியிருந்தது. இமை மெல்லிசாக, உள்ளே விழி உருண்டையாக, லேசாகச் சுருக்கிக்கொண்டு. வேறு எப்படிச் செய்வார்? அவர் தொட்டபோதெல்லாம் அவள் கண்ணை மூடியல்லவா இருந்தாள். காகா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எஸ்தரு, எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குங்க. நம்ம பிள்ளதான்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். கைப்பம்புக்குப் பக்கத்தில் மழையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, அது பொட்டியில கெடந்த மூஞ்சி" என்றாள். "அந்தக் கண்ண மறக்கணும்னு இந்த வருசம் பூரா மண்டையப் போட்டு அடிச்சுக்கிட்டு கெடந்தேன். அத வீட்ல வச்சுக்கிட்டு நான் எப்பிடி அடுப்பு பத்த வைப்பேன்? எப்பிடி சோறு திம்பேன்?"

அண்ணனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அச்செடுக்கிற வேலை காகாவுடையது, இனிமேல் அண்ணன் வர வேண்டியதில்லை என்று ஆகியிருந்தது. மறுநாள் போட்டோவை எடுத்துக்கொண்டு அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

காகா முடியாது என்றார். இது அவருடைய கைவேலை, இதில் நான் கை வைக்கமாட்டேன்.

"கண்ண மட்டும் தொறந்து விடுங்க காகா. வேற ஒண்ணும் தொட வேண்டாம். சுழி அப்பிடியே இருக்கட்டும், காது இருக்கட்டும், அவரு தேடுதது அதத்தான். கண்ணு அவருக்கு என்ன தெரியப் போவுது? எனக்குப் பாக்கணும். நானும் பெத்தவதானே?"

காகா என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளைதான். இரண்டு பேரும் வேறு வேறு பிள்ளையை இழந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் பீடியை அணைத்துவிட்டுச் சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார். இமைகளைக் கீறித் திறந்தார். போட்டோவைப் பார்த்துப் பார்த்து விளிம்பு கட்டினார். பார்வை வரவேண்டும் என்றால் கருவிழி இருக்கிற இடத்தில் குழி எடுக்க வேண்டுமாம், எடுத்தார். அந்தக் குழியில் நிழல் விழுந்ததும் ஜெசிந்தா எங்களைப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். காட்சிசாலைக் காவலாளியோடு சண்டை போட்ட அதே பார்வை.

"ஏ ஜெஸி" என்று அக்கா அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, "எங்கட்டி போயிருந்த இத்தன நாளு?" என்றாள்.

மண் சிலையின் மேல் பிளாஸ்டர் அப்பி அச்செடுத்தால், அச்சைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கிற மண் பிழைக்காது. தோண்டித்தான் எடுக்க வேண்டும். காகா அதைக் கட்டி கட்டியாகத் தோண்டித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளையார் சீசன், மண்ணுக்குத் தட்டுப்பாடு. அச்சுக்குள் பிசினும் கண்ணாடி நாரும் பூசி பைபரில் தலை எடுத்தார். வெண்கலம் நமக்குக் கட்டாது, பிளாஸ்டர் கை பட்டால் உடையும், தொடத்தானே போகிறார், பைபர்தான் தாங்கும் என்று எல்லோருமாக முடிவு செய்திருந்தோம். அண்ணனும், "என்ன செய்ய, பைபர்னா பைபர்தான். உள்ள இருக்கது எம்பிள்ளல்லா" என்று ஒத்துக்கொண்டிருந்தார்.

தலை வீட்டுக்கு வந்த அன்று, கரைக்கப் போகிற பிள்ளையார்கள் எங்கள் கல்லி முனை வழியாகத்தான் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. தாரை, தப்பட்டை, சிவப்புக் குலால் பொடி. கூட்டத்துக்குள் ரிக்ஷா நகரவில்லை. கடைசித் தூரத்தை அக்கா நடந்தே வந்தாள், படுக்கை விரிப்பில் சுற்றிய தலையை இடுப்பில் வைத்துக்கொண்டு. போட்டோவுக்குக் கீழே டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். அண்ணன் குளித்து, பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டு, சீப்பைக்கூட எடுத்துப் பாயின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கம் போலப் பின்பக்கத்தில்தான் தொடங்கினார். பள்ளம். "ம்." சுழி இரண்டும். "ம், எதிரும் புதிரும்தான்." காதைத் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எஸ்தர் அக்கா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். தலையைத் தன் பக்கம் திருப்பி, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு, நெற்றியிலிருந்து இரண்டு கட்டைவிரலையும் கீழே கொண்டுவந்தார்.

விரல் குழிக்குள் இறங்கியது.

நெருப்பைத் தொட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, கண்ணுல குத்திட்டேன்" என்றார். மறுபடியும் ஒரு விரலால் மட்டும், பயந்து பயந்து தொட்டார். இமை விளிம்பு. குழி. அடுத்த கண். குழி.

"இது யாரு?" என்றார்.

"ஜெஸிதாங்க..."

"ஜெஸி நான் தொட்டா கண்ண மூடிக்கிடுவா." வெளியே தப்பட்டைச் சத்தம், அவர் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "நான் மூடித்தானே வச்சேன்? ரவி, மூடித்தானே இருந்துச்சு?"

"நாந்தான் தொறக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா. "அந்த மூடுன கண்ண என்னால பாக்க முடியலங்க. பொட்டியில வச்சுப் பாத்த மூஞ்சிங்க அது."

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்கு அது ஒருநாள் பாத்த மூஞ்சி எஸ்தரு" என்றார். "எனக்கு அது தெனைக்கும் பாத்த மூஞ்சி."

பிறகு, "அந்த மண்ணு இருக்குமா ரவி?" என்று கேட்டார். காகாவிடம் மண் இருக்கும். அந்த மண் இல்லை. அது வயிறாகவும் தும்பிக்கையாகவும் ஆகி, வெளியே ஆடிக்கொண்டு போகிற எந்தக் கூட்டத்தின் தலைக்கு மேல் இருக்கிறதோ.

"ஆத்துக்குப் போயிட்டுதுண்ணே" என்றேன்.

"வேற மண்ணுல திரும்பச் செய்யலாம்ணே. காகாகிட்ட நான் பேசறேன்" என்றும் சொன்னேன். அவர் தன் வலக்கையை இடக்கையால் தடவிப் பார்த்தார். "இனி இதுக்கு வராது. தொட்டுட்டேம்லா. இப்ப எங்க தொட்டாலும் அந்தக் குழிதான் ஆப்படுது" என்றார்.

அது உண்மைதான் போலிருக்கிறது. அவர் அப்புறம் பிரம்பும் பின்னவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் அந்தத் தலையைத் துடைக்கிறாள், அதோடு பேசுகிறாள், பார்க்க வருகிறவர்களிடம் எங்க பிள்ளை எப்படிப் பார்க்கிறாள் பாருங்கள் என்கிறாள். வந்தவர்கள் போனதும் சுவரோரம் உட்கார்ந்து அழுகிறாள். அதை அங்கேயிருந்து எடுத்துவிடவும் அவளுக்கு மனசில்லை, அவர் எதிரில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை.

காலையில் நான் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புவேன். முன்பு தலை பின்னுகிற நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரங்குப் பெட்டி நகர்கிற சத்தம் கேட்கும். பிறகு அண்ணன் குரல், முன்பிருந்த அதே குரல்தான்.

"கண்ண மூடிக்கோ."

கத்தரிச் சத்தம் நின்றுவிடும்.

"அப்பா தொடப் போறேன் பிள்ள. மூடிக்கோ."

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டு, கல்லி முனைக்கு வருகிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து வேறு சத்தம் எதுவும் வராது. அவர் காத்துக்கொண்டிருப்பார்.